10 இரவுகள், 3 ஊர்கள்: நெரிசல் இல்லாத தேனிலவுத் திட்டம்

தேனிலவுக்குப் பல ஊர்களைச் சேர்த்துத் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் வரைபடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். ரோமுக்குப் போகிறோம், அங்கிருந்து ஃபுளோரன்ஸ் பக்கம்தானே, ஃபுளோரன்ஸ் வரை போய்விட்டு வெனிஸைப் பார்க்காமல் திரும்புவதா, வெனிஸுக்கும் மிலானுக்கும் இடையே அப்படி என்ன தூரம் இருந்துவிடப் போகிறது, போகிற போக்கில் அமால்ஃபி கடற்கரையையும் சேர்த்துக்கொண்டால் என்ன என்று ஒன்றைத் தொட்டு ஒன்றாகப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். அண்மையில் திருமணம் நிச்சயமான ஒரு தம்பி எனக்கு அனுப்பிய திட்டத்தில் 10 இரவுகளுக்கு இந்த 5 ஊர்களும் இருந்தன. ஒவ்வொரு நாளுக்கும் காலை, நண்பகல், மாலை, இரவு என்று 4 கட்டங்கள் போட்டு, ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடாமல் நிரப்பியிருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதன்படி இரண்டு பேர் நடமாட முடியுமா என்பதுதான் எனக்கு எழுந்த ஐயம்.

அவரிடம் நான் செய்யச் சொன்ன முதல் வேலை, ஊர்ப் பெயர்களையெல்லாம் அழித்துவிட்டு இரவுகளை மட்டும் எண்ணுவது. 10 இரவுகள் என்றால் நாட்காட்டியில் 11 நாட்கள். வந்து இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேராது, மீதி 9. 5 ஊர்களில் தங்க வேண்டுமானால் 4 முறை ஊர் மாற வேண்டும், ஒவ்வொரு மாற்றமும் ஒரு நாளின் பெரும்பகுதியைத் தின்றுவிடும். ஆகவே கையில் மிஞ்சுவது 5 முழு நாட்கள், அதாவது ஊருக்கு ஒரு நாள். அதே 10 இரவுகளை 3 ஊர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் 2 முறை மாறினால் போதும்; 7 முழு நாட்கள் கிடைக்கும். மொத்தத்தில் கூடியது 2 நாட்கள்தான் என்றாலும், ஓர் ஊருக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நாளிலிருந்து இரண்டேகால் நாளுக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. ஓர் ஊரை எட்டிப் பார்ப்பதற்கும் அங்கே தங்கி வருவதற்கும் உள்ள வேறுபாடு அந்த இரண்டாவது நாளில்தான் இருக்கிறது.

ஊர் மாறுவதற்கு ஒரு நாளா, ரயில் ஒன்றரை மணி நேரம்தானே என்று அந்தத் தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். ரோமின் டெர்மினி நிலையத்திலிருந்து ஃபுளோரன்ஸின் சாண்டா மரியா நொவெல்லா நிலையத்துக்கு அதிவேக ரயில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் போய்விடுகிறது. ஆனால் இந்த அறையின் கதவைச் சாத்துவதிலிருந்து அடுத்த அறையின் கதவைத் திறப்பது வரை கணக்குப் பார்க்க வேண்டும். காலையில் எழுந்து, காலை உணவை முடித்து, குளியலறையில் காயப்போட்ட துணிகளையும் மேசைக்கு அடியில் கிடக்கும் சார்ஜரையும் தேடி எடுத்து, வரும்போது ஒழுங்காக மூடிய சூட்கேஸ் இப்போது மூட மறுக்க, ஒருவர் அதன் மேல் உட்கார்ந்துகொள்ள இன்னொருவர் ஜிப்பை இழுத்து முடிக்கும்போது மணி 10 ஆகியிருக்கும். செக்-அவுட் செய்து, நிலையத்துக்கு வந்து, நடைமேடை எண் பலகையில் தெரியும் வரை அண்ணாந்து நின்று, 11.30 மணி ரயிலைப் பிடித்தால் 1 மணிக்கு இறங்கலாம். விடுதியிலோ பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் அறை தயாராகும். பெட்டிகளை வரவேற்பறையில் ஒப்படைத்துவிட்டு, பக்கத்தில் எங்கேயாவது சாப்பிட்டுவிட்டு வந்து, அறைக்குள் நுழைந்து கட்டிலில் சாயும்போது 3.30 ஆகிவிடும். அதன் பிறகு ஆற்றங்கரையில் ஒரு நடை, ஓர் இரவு உணவு. அத்துடன் அந்த நாள் முடிந்தது. ரயில் தாமதமாகவில்லை, வழி தவறவில்லை, யாருக்கும் தலைவலி வரவில்லை. எல்லாம் சரியாக நடந்தாலே இவ்வளவு நேரம் ஆகிறது.

வெனிஸுக்குள் போவது இன்னும் ஒரு படி கூடுதல் வேலை. அங்கே ஊருக்குள் கார் வராது. சாண்டா லூசியா நிலையத்தின் வாசலைத் தாண்டினால் எதிரே பெருங்கால்வாய். அதன் பிறகு வாபொரெட்டோ என்னும் படகுப் பேருந்து, இல்லாவிட்டால் நடை. நடை என்றால் பாலங்கள், பாலங்கள் என்றால் படிக்கட்டுகள். கைப்பேசி பத்து நிமிட நடை என்று காட்டும் தூரத்தில் நாலைந்து பாலங்கள் குறுக்கிட்டால், பெரிய சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு ஏறி, இறங்கி, சற்று உருட்டி, மறுபடியும் தூக்க வேண்டியிருக்கும். புதுமணத் தம்பதியின் முதல் வாக்குவாதம் இப்படி ஒரு பாலத்தின் உச்சியில் நடக்க எல்லா வாய்ப்பும் உண்டு. அதனால் அங்கே விடுதி பார்க்கும்போது, படகுத்துறையிலிருந்து எத்தனை பாலம் ஏற வேண்டும் என்பதை விசாரித்துக்கொள்வது நல்லது. நிலப்பகுதியில் உள்ள மெஸ்த்ரேயில் தங்கினால் இந்தத் தொல்லை இல்லைதான். ஆனால் பகல் கூட்டம் கலைந்த பிறகான மாலையும் அது வந்து சேர்வதற்கு முந்தைய அதிகாலையும்தான் வெனிஸின் சிறப்பு என்பதால், தேனிலவுக்குப் போகிறவர்கள் சிரமப்பட்டாவது தீவுக்குள்ளேயே தங்க வேண்டும் என்பது என் கருத்து.

நாம் போடும் எந்தத் திட்டத்திலும் நேரத்தைக் குறைத்தே மதிப்பிடுவோம் என்பது உளவியலில் நன்கு அறியப்பட்ட ஒன்று. டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் இந்தப் போக்கை விவரித்தார்கள். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், தங்கள் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று உளவியல் மாணவர்களிடம் கேட்டபோது அவர்கள் சராசரியாக ஏறத்தாழ 34 நாட்கள் என்றார்கள்; உண்மையில் 55 நாட்களுக்கு மேல் ஆயிற்று. எல்லாமே தவறாகப் போனால் எத்தனை நாள் ஆகும் என்ற கேள்விக்கு அவர்கள் தந்த மதிப்பீடுகூட 49 நாட்களைத் தாண்டவில்லை. திட்டமிடும்போது நடக்க வேண்டிய காரியங்களின் வரிசை மட்டுமே மனத்தில் ஓடுகிறது. குறுக்கே வரக்கூடிய நூறு சின்னச் சின்ன விஷயங்கள் ஓடுவதில்லை. இதற்குக் கானமனும் ட்வெர்ஸ்கியும் சொன்ன மருந்து, இதே போன்ற காரியம் முன்பு எவ்வளவு நேரம் எடுத்தது என்று பார்ப்பது. இருவரும் கடைசியாகச் சென்ற ஏதேனும் ஒரு பயணத்தில், ஒரு நாளில் உண்மையில் எத்தனை இடங்களைப் பார்த்தார்கள் என்று கைப்பேசியில் உள்ள படங்களின் நேரத்தை வைத்தே எண்ணிவிடலாம். பெரும்பாலோருக்கு அந்த எண் இரண்டைத் தாண்டாது.

ஆகவே ஓர் ஊரில் குறைந்தது 3 இரவுகள் என்பதை நான் அடிப்படையாக வைத்துக்கொள்கிறேன். இரண்டு இரவுகள் என்றால் ஒரே ஒரு முழு நாள். அந்த ஒரு நாளில் மழை பெய்தாலோ ஒருவருக்கு வயிறு சரியில்லாமல் போனாலோ அந்த ஊர் கைநழுவியது. பார்க்கும் இடங்களைக் குறைக்க மனம் வராதவர்களுக்கு ஒரு வழி உண்டு: கட்டிலை மாற்றாமல் ஊரைப் பார்ப்பது. ஃபுளோரன்ஸில் தங்கிக்கொண்டு பீசாவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேர ரயிலில் போய்விட்டு மாலையில் திரும்பலாம். ஜப்பானின் கியோட்டோவில் தங்கினால் நாரா முக்கால் மணி நேரம், ஒசாகா அரை மணி நேரம். இந்தச் சுற்றுகளுக்குப் பெட்டி கட்ட வேண்டியதில்லை, அறைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமாக, காலையில் எழுந்திருக்க மனமில்லாவிட்டால் யாரிடமும் சொல்லாமல் அந்தச் சுற்றைக் கைவிட்டுவிடலாம். கைவிடக் கூடியதாக இருப்பதே அதன் பெரிய வசதி.

ஜப்பானைப் பொறுத்தவரை இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு நொசோமி ரயில் ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரத்தில் போய்விடுகிறது. ஆனால் அந்தத் தடத்தில் நீள அகல உயரங்களின் கூட்டுத்தொகை 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டியைக் கொண்டுபோக வேண்டுமானால், 2020 மே மாதத்திலிருந்து அதற்கென்று இடம் உள்ள இருக்கையை முன்பதிவு செய்தாக வேண்டும். இதற்கெல்லாம் மெனக்கெடாமல், பெட்டிகளை ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்கு அனுப்பிவைக்கும் தக்யூபின் சேவையிடம் ஒப்படைத்துவிட்டு, ஓர் இரவுக்கு வேண்டியதைத் தோள்பையில் எடுத்துக்கொண்டு போவதே உத்தமம். பெட்டி பொதுவாக மறுநாள் வந்து சேர்ந்துவிடும். ஊர் மாறும் நாளின் களைப்பில் பாதி பெட்டியால் வருவதுதான்.

முதல் இரண்டு நாட்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தேனிலவு மற்றப் பயணங்களிலிருந்து வேறுபடுவது இங்கேதான். திருமணத்துக்கு முந்தைய பல வாரங்கள் ஓடியாடியவர்கள், விழா நாளில் மணிக்கணக்காக நின்று சிரித்தவர்கள், சரியான தூக்கம் இல்லாமல் விமானம் ஏறுகிறார்கள். திருமணத்துக்கு மறுநாள் அதிகாலை விமானத்தில் இடம் பிடிப்பது, எவ்வளவு ஆர்வம் இருந்தாலும், வேண்டாத வேலை. இரண்டு மூன்று நாட்கள் வீட்டில் இருந்து தூங்கி எழுந்து கிளம்பினால் எதுவும் குறைந்துவிடாது. நேர மண்டலங்களைத் தாண்டிப் போகும்போது உடலின் உட்கடிகாரம் ஏறத்தாழ ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்ற அளவில்தான் புதிய ஊருக்குப் பழகுகிறது. அந்தக் கடிகாரத்தின் சுற்று இயல்பாகவே 24 மணி நேரத்தைவிடச் சற்று நீண்டது என்பதால், நாளை நீட்டிக்கும் மேற்குத் திசைப் பயணத்தைவிட, நாளைச் சுருக்கும் கிழக்குத் திசைப் பயணம் பெரும்பாலோருக்குக் கடினமாக இருக்கும். ஆகையால் இறங்கிய நாளில் டிக்கெட் எடுத்துப் பார்க்கும் எதையும் வைக்கக் கூடாது. மறுநாள் காலையும் அப்படியே காலியாக இருக்கட்டும். முதல் ஊரில் மட்டும் 3 இரவுகளை 4 ஆக்குவது இதற்காகத்தான்.

ஒரு நாளைக்கு நேரம் குறித்த ஒரு காரியம் போதும் என்பது அடுத்த வழக்கம். மிலானில் லியொனார்டோவின் 'கடைசி விருந்து' ஓவியத்தைப் பார்க்க முன்பதிவு கட்டாயம்; சிறு சிறு குழுக்களாக உள்ளே விட்டு 15 நிமிடத்தில் வெளியே அனுப்பிவிடுவார்கள். ஸ்பெயினில், கிரானடாவின் அல்ஹம்ப்ரா கோட்டையில் உள்ள நஸ்ரீத் அரண்மனைகளுக்குள் நுழைய டிக்கெட்டில் அச்சிட்ட நேரத்துக்குப் போக வேண்டும். இப்படிப்பட்ட ஒன்றை ஒரு நாளில் வைத்துவிட்டால், அதன் முன்னும் பின்னும் உள்ள நேரத்தைத் தெருக்களுக்கே விட்டுவிடலாம். அதே நாளில் இரண்டாவதாக ஒரு நேரக் குறிப்பைச் செருகினால், முதலாவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கை கடிகாரத்தைத் தேடும். விடுமுறை நாட்களையும் முன்னதாகவே பார்த்துவிட வேண்டும்: பாரிஸின் லூவர் செவ்வாய்க்கிழமைகளில் மூடியிருக்கும், ஃபுளோரன்ஸின் உஃபீட்சி ஓவியக்கூடம் திங்கட்கிழமைகளில், வத்திக்கான் அருங்காட்சியகங்கள் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில், தாஜ்மகால் வெள்ளிக்கிழமைகளில். ஊர்களின் வரிசையைத் தீர்மானிப்பதற்கு முன்பே இதைப் பார்த்தால், ஒரு நாள் முன்பின் நகர்த்திச் சரிசெய்துகொள்ளலாம். எல்லாவற்றுக்கும் பணம் கட்டிய பிறகு பார்த்தால் மூடிய கதவைத்தான் படம் எடுக்க வேண்டியிருக்கும்.

இனி, இரண்டு பேர் என்ற விஷயம். எவ்வளவு காலம் பழகியிருந்தாலும், தொடர்ந்து பத்து நாட்கள் ஒரே அறையில் இருந்து ஊர் சுற்றும்போதுதான் ஒருவர் 6 மணிக்கே எழுந்து குளித்துத் தயாராகிறவர் என்பதும், மற்றவர் 9 மணிக்கு முன்னால் பேச்சுக்கொடுப்பதையே விரும்பாதவர் என்பதும் தெரியவரும். திட்டம் போடும் பொறுப்பைப் பெரும்பாலும் ஒருவர்தான் எடுத்துக்கொள்கிறார். மற்றவர் எல்லாவற்றுக்கும் சரி சரி என்கிறார். அந்தச் சரியை நம்பிவிடக் கூடாது. ஒவ்வொரு ஊருக்கும் இருவரும் தனித்தனியே, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல், கட்டாயம் வேண்டும் என்று ஒன்றையும் கிடைத்தால் நல்லது என்று ஒன்றையும் எழுதிக்கொண்டு பிறகு காட்டிக்கொள்ளுமாறு நான் சொல்வதுண்டு. ஒரே இடத்தை இருவரும் எழுதியிருந்தால் மகிழ்ச்சி. ஒருவர் ஓவியக்கூடத்தையும் மற்றவர் கடற்கரையில் சும்மா கிடப்பதையும் எழுதியிருந்தால், ஊருக்கு இரண்டு காரியங்கள் கிடைத்துவிட்டன; மூன்றாவதைத் தேட வேண்டியதில்லை. தம்பியின் மணமகள் எழுதிக் கொடுத்த தாளில் மிலானும் அமால்ஃபியும் இல்லவே இல்லையாம். இரண்டு வார விவாதம் ஒரு மாலையில் முடிந்துபோயிற்று.

எதை வெட்டுவது என்று தெரியாதவர்களுக்கு, வரைபடத்தில் தனித்துத் துருத்திக்கொண்டு நிற்கும் ஊரை முதலில் வெட்டச் சொல்வேன். ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ் மூன்றும் ஒரே ரயில் தடத்தில் வரிசையாக அமைந்தவை. அமால்ஃபியோ ரோமுக்குத் தெற்கே, ரயில் போகாத கடலோர மலைச்சரிவில் இருக்கிறது. அதற்குப் போக வேண்டுமானால் ஃபுளோரன்ஸையும் வெனிஸையும் கைவிட்டு ரோம், அமால்ஃபி என்று இரண்டோடு நிறுத்திக்கொள்வது அழகான திட்டம். வெனிஸ், அமால்ஃபி இரண்டையும் பிடித்துக்கொண்டு தொங்குவதுதான் கூடாது. எல்லாவற்றையும் இப்போதே பார்த்தாக வேண்டும், மறுபடி எப்போது வாய்க்குமோ என்ற வாதம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஓடிக்கொண்டே பார்த்த 5 ஊர்களில் எதையும் நன்றாகப் பார்க்கவில்லை என்ற குறையோடு திரும்புவதற்கு அது விடையாகாது.

தீவுகளைச் சேர்க்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மாலத்தீவில் கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மாலேயில் பிற்பகல் கடந்து இறங்குகிறவர்கள், தங்கள் விடுதி கடல் விமானத்தால் மட்டுமே எட்டக்கூடியதாக இருந்தால், அந்த இரவைத் தலைநகரப் பக்கத்தில் கழிக்க வேண்டிவரும். விடுதிக்கு முழுப் பணம் கட்டிவிட்டு முதல் இரவை வேறிடத்தில் கழிப்பது யாருக்கும் இனிக்காது. ஆகவே விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்பதைப் பார்த்த பிறகே விடுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிரேக்கத்தின் ஏஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மெல்தெமி என்னும் வட காற்று வீசும். அது வலுத்தால் சாண்டோரினியிலிருந்து ஏதென்ஸுக்குப் போகும் கப்பல்கள் நிறுத்தப்படலாம். தாயகம் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாள் தீவை விட்டுக் கிளம்பினால் நெஞ்சு படபடத்துக்கொண்டே இருக்கும். அதற்கும் முந்தைய நாளே பெருநகரத்துக்கு வந்துவிட வேண்டும். பாலியில் பெரும்பாலும் மார்ச் மாதத்தில் வரும் நியெபி என்னும் மௌன நாளில் விமான நிலையமே 24 மணி நேரம் மூடப்பட்டிருக்கும், வெளியே நடமாடவும் கூடாது. அன்றைக்கு ஓய்வெடுக்கத் தயாராகப் போகிறவர்களுக்கு அது வரம்; அன்றே ஊர் மாற நினைத்தவர்களுக்கு முட்டுக்கட்டை.

ஊர்களின் வரிசையில் பரபரப்பான நகரத்தை முதலிலும் அமைதியான இடத்தைக் கடைசியிலும் வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. கானமனும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், 14 டிகிரிக் குளிர்நீரில் 60 விநாடி கையை வைத்திருப்பதைவிட, அதே 60 விநாடிக்குப் பிறகு நீரின் குளிரைச் சற்றே குறைத்து மேலும் 30 விநாடி வைத்திருந்ததையே பெரும்பாலோர் மறுபடி செய்ய விரும்பினார்கள். மொத்தத் துன்பம் கூடுதலாக இருந்தும், முடிவு சற்று இதமாக இருந்ததால் நினைவு அதைத் தேர்ந்தெடுத்தது. கடைசி இரு நாட்கள் விமான நிலைய ஓட்டமும் பரிசுப்பொருள் கடைகளுமாக முடிந்தால், அதற்கு முந்தைய நல்ல நாட்களின் மேலும் அந்த நிழல் படியும்.

டிக்கெட் எடுக்கும்போது, ஒரே ஊரில் இறங்கி அதே ஊரிலிருந்து திரும்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மல்ட்டி-சிட்டி என்ற தேர்வில் ரோமில் இறங்கி வெனிஸிலிருந்து திரும்புவதாகத் தேடிப் பார்த்தால், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் வெட்டிப் பயணம் ஒன்று மிச்சம். ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு விசா தேவைப்படுகிறவர்கள், எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறார்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். பயணத்துக்கு 6 மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், பயணத்துக்கு இன்னும் 15 நாட்கள்கூட இல்லை என்றால் காலம் கடந்துவிட்டது. இந்த விதியினாலும், எந்த ஊரில் எத்தனை இரவு என்பது முதலிலேயே தீர்மானமாகிவிட வேண்டும். விடுதிகளை மட்டும் ரத்து செய்யக்கூடிய கட்டணத்தில் எடுத்து வைத்துக்கொண்டால், விசா வந்த பிறகு ஓர் இரவை இங்கிருந்து அங்கே நகர்த்துவதற்கு இடம் இருக்கும்.

புதிதாக மணமானவர்களுக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கலும் உண்டு. திருமணத்துக்குப் பின் பெயரை மாற்றிக்கொள்ள நினைக்கிறவர்கள், விமான டிக்கெட்டில் உள்ள பெயரும் விசாவில் உள்ள பெயரும் கையில் இருக்கும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. இடையில் பாஸ்போர்ட்டை மட்டும் மாற்றினால் மற்ற எல்லாவற்றையும் திருத்தியாக வேண்டும். பழைய பெயரிலேயே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்வந்து, பெயர் மாற்றத்துக்கான விண்ணப்பத்தைத் திரும்பிய பிறகு நிரப்பிக்கொள்ளலாம்.